ரோட்டோரம் கிடக்கிறவங்களுக்காக போலீசுக்கு போன் பண்ணா உண்மையில என்ன நடக்கும்?

கோயம்பேடு மேம்பாலத்துக்கு கீழ ஒரு அம்மா ரெண்டு வாரமா உக்காந்திருக்காங்க, தானா பேசிக்கிறாங்க, கால்ல புண்ணு, போலீசுக்கு போன் பண்ணலாமா, பண்ணா நிஜமாவே எங்கயாவது சேத்து விடுவாங்களா இல்ல வண்டில ஏத்தி ஊருக்கு வெளிய எறக்கி விட்டுட்டு போயிடுவாங்களான்னு கேட்டிருந்தீங்க. பண்ணுங்க. தயங்காம பண்ணுங்க. ஆனா போன் பண்ணிட்டு வீட்டுக்கு போயிடாதீங்க, அதுக்கப்புறம் நடக்குறதுல உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கு, அதனாலதான் இத கொஞ்சம் நீளமாவே எழுதுறேன். சென்னைல பன்னண்டு வருஷத்துக்கு மேல இந்த மாதிரி மீட்புகள்ல போலீஸ் கூடவும், ஆதரவில்லாதவங்களுக்கு ஹோம் (காப்பகம்) நடத்துறவங்க கூடவும் ஓடிக்கிட்டு இருக்கேன், அதுல பாத்தது, படிச்சது ரெண்டையும் சொல்றேன்.

முதல்ல உங்க பயம். அது தப்பான பயம் இல்ல. ஒரு காலத்துல அப்படித்தான் நடந்துச்சு. பெரிய ஆளுங்க ஊருக்கு வர்றாங்கன்னா முந்தின ராத்திரி வேன் வரும், பிளாட்பாரத்துல படுத்திருக்கிறவங்கள எல்லாம் அள்ளிப் போட்டுக்கிட்டு போகும், பல பேர ஊர் எல்லைல எறக்கி விட்டுட்டு வந்துடுவாங்க, மூணு நாள்ல நடந்தே அதே எடத்துக்கு திரும்பி வந்த ஆளுங்கள நானே பாத்திருக்கேன். இதுக்கு பின்னாடி ஒரு சட்டமும் இருந்துச்சு, 1945ல வந்த மெட்ராஸ் பிச்சை எடுத்தல் தடுப்பு சட்டம். அதுல பிச்சை எடுக்குறது குத்தம், புடிச்சா கோர்ட்டு, அப்புறம் கேம்ப். பூந்தமல்லி பக்கத்துல மேல்பாக்கத்துல அதுக்குன்னே அரசாங்க கேம்ப் இருந்துச்சு. சாப்பாட்டுக்கு வழி இல்லாதவன குத்தவாளியாதான் அந்த சட்டம் பாத்துச்சு. 2018 ஆகஸ்ட்ல டெல்லி ஹைகோர்ட்டு, டெல்லிக்கு பொருந்துற இதே மாதிரி சட்டத்துல பிச்சைய குத்தமாக்குற பிரிவுகள செல்லாதுன்னு தள்ளிடுச்சு. 2021ல கொரோனாவ காட்டி பிச்சைக்காரங்கள ரோட்டுல இருந்து அகத்தணும்னு ஒருத்தர் சுப்ரீம் கோர்ட்டுக்கு போனப்போ, வேற வழி இல்லாமதான் பிச்சை எடுக்குறாங்க, மேல்தட்டு பார்வைல இத பாக்க மாட்டோம்னு ஜட்ஜுங்க சொன்னாங்க. அந்த மாற்றம் ஸ்டேஷன் வரைக்கும் முழுசா வந்து சேரலன்னாலும் வர ஆரம்பிச்சிடுச்சு.

மனநிலை பாதிச்சவங்க விஷயத்துல சட்டம் இன்னும் தெளிவா இருக்கு, இது பொதுமக்கள்ல பாதி பேருக்கும் தெரியாது, போலீஸ்லயே நெறைய பேருக்கு தெரியாது. 2017 மனநல பாதுகாப்பு சட்டம், அதுல 100ஆவது பிரிவு. போலீஸ் நம்பரும் 100, பிரிவும் 100, மறக்காது. என்ன சொல்லுதுன்னா, தன்ன பாத்துக்க முடியாத நிலைல மனநோயோட ஒருத்தர் சுத்திக்கிட்டு இருக்காருன்னு தெரிஞ்சா அவர பாதுகாப்புல எடுக்குறது அந்த ஏரியா ஸ்டேஷன் ஆபீசரோட கடமை. எதுக்கு கூட்டிட்டு போறோம்னு அவருக்கு சொல்லணும், அவருக்கு புரியலன்னா கூட இருக்குறவங்களுக்கு சொல்லணும். 24 மணி நேரத்துக்குள்ள பக்கத்துல இருக்க அரசாங்க மருத்துவமனைக்கு கொண்டு போகணும். எந்த காரணத்துக்காகவும் லாக்கப்லயோ ஜெயில்லயோ வெக்க கூடாது. டாக்டர் பாத்துட்டு அட்மிட் பண்ற அளவுக்கு இல்லன்னு சொல்லிட்டா, வீடு இருந்தா வீட்டுக்கு, இல்லாட்டி வீடற்றவங்களுக்கான அரசு காப்பகத்துக்கு போலீஸ்தான் கொண்டு போய் விடணும். இதெல்லாத்த விடவும் முக்கியமா நான் நெனைக்கிறது ஒண்ணு இருக்கு: வீடு இல்லாம சுத்திக்கிட்டு இருந்த ஆளுக்காக காணாமல் போனவர்னு ஒரு எஃப்ஐஆர் போடணும், குடும்பத்த தேடி கண்டுபிடிச்சு தகவல் சொல்றது அந்த ஸ்டேஷன் ஆபீசரோட பொறுப்பு.

இத கொஞ்சம் யோசிச்சு பாருங்க. பொதுவா வீட்டுல ஆள காணோம்னு யாராவது வந்து அழுதாதான் எஃப்ஐஆர். இங்க ஆளு கெடைச்சிருக்கு, வீட்டதான் காணோம். வீட்ட காணோம்னு போலீஸே கேஸ் போடணும்னு சட்டம் சொல்லுது. எவ்ளோ அழகான விஷயம் இது. இந்த வேலை முழுக்க இந்த ஒரு எடத்துலதான் நிக்குது, அதுக்கு அப்புறம் வர்றேன்.

சென்னைல 2021 ஏப்ரல்ல, கொரோனா ரெண்டாவது அலை ஆரம்பிச்ச நேரம், அப்ப கமிஷனரா இருந்த மகேஷ்குமார் அகர்வால் 'காவல் கரங்கள்'னு ஒரு அமைப்ப ஆரம்பிச்சாரு. ரோட்டுல ஆதரவில்லாம இருக்குறவங்கள மீட்டு, மாநகராட்சி, ஆஸ்பத்திரி, தொண்டு நிறுவனங்கள் எல்லாத்தையும் ஒரே எடத்துல இணைக்கிறதுதான் நோக்கம். அதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னா, ஸ்டேஷன்ல ஒரு நல்ல ஏட்டு இருந்தா அவருக்கு தெரிஞ்ச ஒரு ஹோமுக்கு போன் போடுவாரு, அங்க எடம் இல்லன்னா அடுத்த ஹோமு, அதுவும் இல்லன்னா அந்த ஆள மறுபடி அதே பஸ் ஸ்டாண்டுலயே விட்டுட்டு வர்றத தவிர வேற வழி இல்ல. எல்லாம் தனி மனுஷங்களோட மனசுல ஓடுச்சு. அந்த ஏட்டு டிரான்ஸ்ஃபர் ஆனா எல்லாம் போச்சு. காவல் கரங்கள் வந்ததுக்கப்புறம் எந்த ஹோம்ல எடம் இருக்கு, எது பெண்களுக்கு, எது வயசானவங்களுக்கு, எது மனநோய்க்கு அனுமதி வாங்கினதுன்னு தெரிஞ்ச ஒரு டீம் இருக்கு, வண்டி இருக்கு. பெரிய மாற்றம்தான்.

சரி, ரோட்டுல என்ன நடக்கும். வண்டி வரும், பொம்பளைன்னா கண்டிப்பா பெண் போலீஸ் இருக்கணும், நல்ல டீம்னா தொண்டு நிறுவன ஆளும் கூட வருவாங்க. அனுபவம் இருக்கவங்க நேரா போய் கைய புடிக்க மாட்டாங்க. கொஞ்சம் தள்ளி தரைல உக்காருவாங்க. டீ வாங்கி குடுப்பாங்க, தானும் குடிப்பாங்க. அரை மணி ஆகலாம், மூணு நாள் வர வேண்டியும் இருக்கலாம். காக்கி சட்டைய பாத்தாலே ஓடுறவங்க உண்டு, ஏன்னா அவங்க வாழ்க்கைல காக்கி சட்டைன்னா அடி மட்டும்தான். அதனால சிவில் டிரெஸ்ல வர்றது நல்லதுன்னு நாங்க எப்பவும் சொல்லுவோம்.

இதுல ரெண்டு விஷயத்துல எனக்கு பலமுறை சண்டை வந்திருக்கு. ஒண்ணு பை. அவங்க கிட்ட ஒரு மூட்டை இருக்கும், நாறும், பாத்தா குப்பை மாதிரி தெரியும், சுத்தம் பண்றேன்னு யாராவது மொதல்ல அத தூக்கி எறிஞ்சிடுவாங்க. அந்த பைலதான் பழைய ரேஷன் கார்டு ஜெராக்ஸ் இருக்கும், மருந்து சீட்டு இருக்கும், ஒரு போட்டோ இருக்கும், ஏதோ ஊர் ஜவுளிக்கடை கவர் இருக்கும். எறிஞ்சா அவங்க ஊரையே எறிஞ்ச மாதிரி. ரெண்டாவது முடி. வந்த உடனே மொட்டை அடிச்சு குளிப்பாட்டி புது டிரெஸ் போட்டு முன்னாடி பின்னாடி போட்டோ எடுத்து போடுறது இப்ப ஒரு பழக்கமா ஆயிடுச்சு. பேனும் புண்ணும் இருந்தா வெட்டித்தான் ஆகணும், ஒத்துக்குறேன், ஆனா கேட்டுட்டு செய்யணும். நோய்ல இருந்து மீண்டு வந்த ஒரு பொண்ணு என்கிட்ட ஒருதடவ சொன்னா, ரோட்டுல இருந்த நாலு வருஷம் எனக்கு சரியா ஞாபகம் இல்லண்ணா, ஆனா நாலு பேரு புடிச்சுக்கிட்டு முடிய வெட்டினது மட்டும் நல்லா ஞாபகம் இருக்குன்னு. அன்னைல இருந்து இத நான் யார் கிட்டயும் விட்டு குடுக்குறது இல்ல.

அடுத்து ஜிஎச். நேரா கீழ்ப்பாக்கம் மனநல காப்பகம்னு நெனைக்காதீங்க. 1794ல ஆரம்பிச்சு இருநூறு வருஷத்துக்கு மேல நடந்துக்கிட்டு இருக்க எடம் அது, ஆனா உடம்பு சரியில்லாத நிலைல ஒருத்தர அங்க சேத்துக்கறது கஷ்டம். புண்ணுல புழு இருக்கும், சக்கரை இருக்கும், டிபி இருக்கும், மாசக்கணக்கா சரியா சாப்பிடாத உடம்பு. அதனால மொதல்ல பொது ஆஸ்பத்திரி, அங்க உடம்ப தேத்திட்டு அப்புறம் மனநல மருத்துவம். ஜிஎச்ல போலீஸ் மெமோ கேப்பாங்க, இருந்தா வேலை சுலபம். அப்புறம் ஒரு கேள்வி வரும், அங்கதான் பல கேஸ் முட்டிக்கிட்டு நிக்கும்: கூட இருந்து பாத்துக்க அட்டெண்டர் யாரு? ஆளே இல்லாதவருக்கு அட்டெண்டர் எங்க இருந்து வர்றது. அந்த எடத்துல ஒரு தன்னார்வலர் ரெண்டு நைட்டு உக்காந்தா ஒரு உயிர் பொழச்சிடும், இது சும்மா பேச்சுக்கு சொல்றது இல்ல. இன்னொன்னும் தெரிஞ்சுக்கோங்க, ஆதரவற்றவங்களுக்கும் வீடற்றவங்களுக்கும் அரசு மனநல சிகிச்சை முழுக்க இலவசம், கார்டு இருக்கான்னு கேக்க கூடாதுன்னு அதே 2017 சட்டம் சொல்லுது. ஆதார் இல்லன்னு யாராவது திருப்பி அனுப்பினா இத தைரியமா சொல்லுங்க.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். ஆள வண்டில ஏத்துறதோட மீட்பு முடிஞ்சுதுன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. அந்த ஆளு யாருன்னு கண்டுபிடிக்கிறதுலதான் மீட்பே ஆரம்பிக்குது. சோறு போட ஹோம் இருக்கு, ஊசி போட டாக்டர் இருக்காங்க, ஆனா பேரும் ஊரும் கண்டுபிடிக்கிற வித்தை போலீஸ் கிட்டதான் இருக்கு. அதுதான் அவங்க தொழிலே. திருடன தேடுற அதே மூளைய ஒரு அம்மாவோட ஊர தேடவும் போட்டா எவ்ளோ நடக்கும்னு கண்ணால பாத்தவன் நான்.

ஒருதடவ சென்ட்ரல் ஸ்டேஷன் வெளிய ஒருத்தர், நாப்பது வயசு இருக்கும், தமிழ் சுத்தமா தெரியாது, எத கேட்டாலும் "பலியா... பலியா..."ன்னு மட்டும் சொல்லுவாரு. யாரையோ பலி குடுத்துட்டாங்கன்னு சொல்றாரா, தன்ன பலி குடுத்துடுவாங்கன்னு பயப்படுறாரான்னு எங்களுக்கு புரியல. ஹோம்ல ரெஜிஸ்டர்ல கூட பயத்தில் உளறுகிறார்னு எழுதி வெச்சிருந்தாங்க. நாலு மாசம் அப்படியே ஓடிச்சு. அந்த கேஸ பாத்துக்கிட்டு இருந்த எஸ்ஐ ஒரு நாள் தன் போன்ல அவர் பேசுறத ரெக்கார்ட் பண்ணி எடுத்துக்கிட்டு போய், ஸ்டேஷன் பக்கத்துல பானிபூரி போடுற பையன் கிட்ட போட்டு காமிச்சிருக்காரு. அந்த பையன் கேட்ட உடனே சிரிச்சிருக்கான், சார் பல்லியாங்கிறது எங்க பக்கத்து ஜில்லா பேரு சார், உத்தரப்பிரதேசத்துல கங்கை கரையோரம், பீகார ஒட்டி இருக்கு, அவர் பேசுறது போஜ்புரி சார்ன்னு. நாலு மாசமா அந்த மனுஷன் தன் அட்ரஸ தெளிவா சொல்லிக்கிட்டே இருந்திருக்காரு. எங்க காதுலதான் அது உளறலா விழுந்திருக்கு. அந்த ஊர் போலீசுக்கு போட்டோ போச்சு, மூணே நாள்ல வீடியோ கால்ல ஒரு கெழவி. மகனோட மொகத்த பாத்துட்டு எதுவும் பேசல, போன் ஸ்கிரீன கையால தடவிக்கிட்டே இருந்தாங்க.

ஏன் அந்த ஊர்ல இருந்து இங்கன்னு கேக்கலாம். ரயில் மேப்ப பாருங்க. பீகார் சப்ரால இருந்து சென்னைக்கு நேரா வர்ற கங்கா காவேரி எக்ஸ்பிரஸ் மாதிரி எத்தன வண்டி. வடக்க எங்கயோ ஏறினவங்க, யாரும் எறக்கி விடலன்னா, வண்டி கடைசியா நிக்கிற எடத்துல எறங்கிடுவாங்க. சென்ட்ரல்தான் அந்த கடைசி எடம். ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளம், ஆந்திரான்னு எல்லா பக்கத்து ஆளுங்களும் இங்க வந்து சேருறது இப்படித்தான். நம்ம ஊரு ஆளுங்களும் இதே மாதிரி வடக்க போய் சேர்ந்திருக்காங்க, மும்பை பக்கம் கர்ஜத்துல டாக்டர் பரத் வட்வானி நடத்துற ஷ்ரத்தா அமைப்பு இப்படி ரோட்டுல கிடந்தவங்களுக்கு வைத்தியம் பாத்து நாடு முழுக்க வீட்டுக்கு கொண்டு போய் சேத்துக்கிட்டு இருக்கு, அதுக்குத்தான் 2018ல அவருக்கு மகசேசே விருது குடுத்தாங்க.

ஊர் கண்டுபிடிக்க எத்தனையோ வழி. சட்டை காலர்ல டெய்லர் லேபிள் இருக்கான்னு பாக்கணும், சின்ன ஊர் டெய்லருங்க கடை பேரும் ஊர் பேரும் போட்டு தச்சிருப்பாங்க. கைல பச்சை குத்தியிருந்தா அது எந்த மொழி எழுத்துன்னு பாக்கணும், அதுல இருக்குறது அவர் பேரா அப்பா பேரான்னு கேக்கணும். ஊர் பேர் சொல்ல தெரியாதவங்க கூட ஊர் சந்தை எந்த கிழமைன்னு சொல்லிடுவாங்க, எந்த கோயில் திருவிழா, பக்கத்துல ஆறு இருக்கா, பஸ்ஸு எந்த ஊருக்கு போற பஸ்ஸுன்னு சொல்லிடுவாங்க. பொம்பளைங்க கிட்ட ஊர கேக்குறத விட அண்ணன் தம்பி பேர, அம்மா வீட்டு ஊர கேட்டா சீக்கிரம் வரும், பல பேருக்கு புருஷன் வீட்டு ஊர் பேர சொல்ல மனசே வராது, அதுக்கு காரணமும் இருக்கும். ஆதாரும் நெறைய கை குடுத்திருக்கு. புதுசா ஆதார் எடுக்கலாம்னு விரல் ரேகை வெச்சா ஏற்கனவே பதிவு இருக்குன்னு ரிஜெக்ட் ஆகும், அந்த ரிஜெக்ட் ஆனதுதான் நமக்கு நல்ல சேதி, அத புடிச்சுக்கிட்டு ஆதார் ஆபீஸ் மூலமா வீட்ட கண்டுபிடிச்ச கேஸுங்க நாட்டுல எவ்வளவோ. கொழந்தைங்க விஷயத்துல இது இன்னும் வேகமா நடக்குது, கொழந்தைகள் உதவி நம்பர் 1098க்கு சொன்னா 24 மணி நேரத்துல கொழந்தைகள் நல குழு முன்னாடி கொண்டு போகணும்னு சட்டம், காணாமப் போன கொழந்தைங்கள தேட 2015ல இருந்து ஆபரேஷன் ஸ்மைல், ஆபரேஷன் முஸ்கான்னு தனி தேடலே நடக்குது. 2018ல டெல்லி போலீஸ் முகத்த அடையாளம் காணுற சாஃப்ட்வேர சோதனைக்கு போட்டு பாத்தப்போ நாலே நாள்ல 2,930 கொழந்தைங்க அடையாளம் தெரிஞ்சுது. பெரியவங்களுக்கு அந்த வேகம் இன்னும் வரல. காணாமப் போன பெரியவங்களையும் யாரோ தேடிக்கிட்டுதான இருப்பாங்க.

வீடு கெடைச்சிட்டா எல்லாம் முடிஞ்சுதான்னா இல்ல. போய் மாலை போட்டு விட்டுட்டு வந்துட்டு, மாத்திரைய யாரும் பாத்துக்கலன்னா ஆறே மாசத்துல அதே ஆளு மறுபடி ரோட்டுல. அதனால அனுப்பும்போதே அந்த ஜில்லாவோட மாவட்ட மனநல திட்ட டாக்டர் யாரு, மாத்திரை எந்த ஆஸ்பத்திரில எந்த கிழமை குடுக்குறாங்கன்னு குடும்பத்துக்கு எழுதி குடுக்கணும், முடிஞ்சா அந்த ஊர் ஸ்டேஷன்லயும் சொல்லி வெக்கணும். சில வீட்டுல வாசல்லயே நிக்க வெச்சு பேசுவாங்க. காரியம் பண்ணிட்டோம் சார், அவ செத்துட்டான்னு ஊருக்கு சொல்லிட்டோம், இப்ப கூட்டிட்டு வந்தா தங்கச்சி கல்யாணம் நின்னுடும்னு சொன்ன அண்ணன்காரன பாத்திருக்கேன். கோவம் வரும், ஆனா அவன் வீட்டு நெலமைய பாத்தா கோவப்படவும் முடியாது. வீட்டுல ஏத்துக்கலங்கிற ஒரே காரணத்துக்காக ஒருத்தர ஆயுசுக்கும் மனநல ஆஸ்பத்திரிலயே வெச்சிருக்க கூடாது, சமூகத்துல வாழுறது அவரோட உரிமைன்னு சட்டம் இருக்கு. 1993ல வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் சென்னைல ஆரம்பிச்ச தி பேனியன், வீடில்லாத மனநோயாளி பெண்களுக்காகவே வந்தது, அவங்க ஆஸ்பத்திரியோட நிக்காம, ஊருக்குள்ள சாதாரண வாடகை வீடு எடுத்து நாலஞ்சு பேர சேர்ந்து வாழ வெச்சாங்க, சமைச்சு, கடைக்கு போயி, பக்கத்து வீட்டோட சண்டை போட்டு. மறுவாழ்வுன்னா எனக்கு தெரிஞ்சு அதுதான். 2019 எலக்‌ஷன்ல கீழ்ப்பாக்கம் காப்பகத்துக்குள்ளயே பூத் போட்டு அங்க இருக்கவங்க ஓட்டு போட்டாங்க, விரல்ல மையோட அவங்க நின்னத பேப்பர்ல பாத்தப்போ எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

வயசானவங்க விஷயம் வேற மாதிரி. அவங்களுக்கு ஊர் தெரியும், மகன் பேர் தெரியும், போன் நம்பர் கூட தெரியும். சொல்ல மாட்டாங்க. ஆஸ்பத்திரி வராண்டாலயோ கோயில் வாசல்லயோ உக்கார வெச்சுட்டு, இதோ டிபன் வாங்கிட்டு வரேம்மான்னு போனவன் வரல. மூணாவது நாளும் அந்த அம்மா, என் புள்ளைக்கு வேலை இருந்திருக்கும்னுதான் சொல்லும். 2007 பெற்றோர் மூத்த குடிமக்கள் பராமரிப்பு சட்டத்துல 24ஆவது பிரிவு, பாத்துக்க வேண்டியவங்க இப்படி கைவிட்டா மூணு மாசம் வரைக்கும் ஜெயில் இல்ல 5,000 ரூபாய் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) கிட்ட மனு குடுத்தா மாசம் 10,000 ரூபாய் வரைக்கும் பராமரிப்பு தொகை போட முடியும், பாத்துக்குறேன்னு சொல்லி எழுதி வாங்கின சொத்த ரத்து பண்ணவும் வழி இருக்கு. ஆனா கேஸு குடுக்க அந்த அம்மா கைநாட்டு வெக்காது. நல்ல இன்ஸ்பெக்டருங்க என்ன பண்ணுவாங்கன்னா கேஸு போடாமலே மகன ஸ்டேஷனுக்கு கூப்பிட்டு, அம்மா முன்னாடி உக்கார வெச்சு சட்டத்த படிச்சு காட்டுவாங்க. பாதி பேரு அழுதுக்கிட்டே கூட்டிட்டு போவாங்க. அதுக்கு அப்புறமும் மாசம் ஒருதடவ பீட் போலீஸ் வீட்டு பக்கம் போய் பாட்டி எப்படி இருக்கீங்கன்னு கேட்டுட்டு வந்தா மட்டும்தான் அது நிலைக்கும், அப்படி போகாத எடத்துல பாட்டி மறுபடி வேற ஒரு கோயில் வாசல்ல இருப்பாங்க. முதியோர் உதவிக்கு 14567ன்னு தனி நம்பர் இருக்கு, அதையும் வெச்சுக்கோங்க.

ஒண்ண மறக்காம சொல்லணும். ரோட்டுல படுக்குறவங்க எல்லாரையும் மீட்க கிளம்பிடாதீங்க. பாரிஸ் கார்னர் பக்கமும் வடசென்னைலயும் மூணு தலைமுறையா பிளாட்பாரத்துல குடும்பம் நடத்துறவங்க இருக்காங்க, மூட்டை தூக்குறாங்க, பூ கட்டுறாங்க, மீன் விக்கிறாங்க, புள்ளைங்க பக்கத்து கார்ப்பரேஷன் ஸ்கூலுக்கு போகுது. அவங்களுக்கு தேவை வீடு, அவங்கள வேன்ல ஏத்தி ஹோம்ல அடைச்சா அது மீட்பு இல்ல, பொழப்ப கெடுக்குறது. ஒரு லட்சம் பேருக்கு ஒரு இரவு பகல் காப்பகம் இருக்கணும்னு சுப்ரீம் கோர்ட்டு 2010லயே சொல்லிச்சு, அது நைட்டு படுக்க எடம் இல்லாத கூலிக்காரங்களுக்கு உதவும், குடும்பத்துக்கு பத்தாது. போலீஸ் இந்த வித்தியாசத்த பாக்காம எண்ணிக்கைக்காக ஆள் புடிச்சா பழைய வேன் காலத்துக்கே திரும்பிட்டோம்னு அர்த்தம்.

இன்னொரு பயம் ஹோமுங்க பத்தி. எங்க கொண்டு போய் சேக்குறாங்கன்னு கண்டிப்பா கேளுங்க. 2001 ஆகஸ்ட் 6 ஏர்வாடில ஒரு மனநல விடுதி தீப்புடிச்சப்போ சங்கிலில கட்டி வெச்சிருந்தவங்க ஓட முடியாம 28 பேர் கருகி செத்தாங்க. நாடே அழுதுச்சு, சுப்ரீம் கோர்ட்டு தானா கையில எடுத்துச்சு. அதுக்கப்புறமும் 2023 பிப்ரவரில விழுப்புரம் மாவட்டத்துல அனுமதி இல்லாம நடந்த ஒரு ஆசிரமத்துல இருந்து நூத்துக்கும் மேல ஆளுங்கள மீட்டாங்க. அது எப்படி வெளிய வந்துச்சு தெரியுமா, அங்க சேத்து விட்ட ஒரு பெரியவர காணோம்னு ஹைகோர்ட்டுல ஆட்கொணர்வு மனு போட்டதாலதான். தேடி வர ஒரு ஆளாவது இருந்ததாலதான் மத்தவங்களுக்கும் விடிஞ்சுது. அதனாலதான் எஃப்ஐஆர் எஃப்ஐஆர்னு திரும்ப திரும்ப சொல்றேன். ஸ்டேஷன்ல ஒரு நம்பர், ஹோம்ல ஒரு பதிவு, ரெண்டும் இருந்தா அந்த ஆளு காணாமப் போக முடியாது. மாநில மனநல ஆணையத்துல பதிவு பண்ணின எடமான்னு கேக்குறதுல தப்பே இல்ல, நல்ல போலீஸ் அதுக்கு கோவிச்சுக்க மாட்டாங்க.

யாரும் வராமலே போய் சேந்தவங்களையும் பத்தி ஒரு வார்த்தை. காவல் கரங்கள் பண்ற வேலைல உரிமை கோராத உடல்கள அடக்கம் பண்றதும் ஒண்ணு. ஆஸ்பத்திரி மார்ச்சுவரில கேட்பாரில்லாம கெடக்குற ஒருத்தருக்கு மாலை போட்டு, குழி வெட்டி, ஒரு கைப்புடி மண்ணு போடுற போலீஸ்காரங்கள பாத்திருக்கேன். பேர் தெரியாதவருக்கு யார நெனச்சு மண்ணு போடுறதுன்னு ஒரு பெண் காவலர் என்கிட்ட கேட்டாங்க. எங்கப்பாவ நெனச்சுக்கிட்டேன்ணான்னு அவங்களே சொன்னாங்க.

இப்ப நீங்க கேட்ட அந்த அம்மா. நாளைக்கு காலைல வெய்யிலுக்கு முன்னாடி போங்க, டீயும் பன்னும் வாங்கிட்டு போங்க, கைல குடுக்காம பக்கத்துல வெச்சுட்டு கொஞ்சம் தள்ளி உக்காருங்க. வீடியோ எடுக்காதீங்க, குரூப்புல போடாதீங்க. ஒரே ஒரு போட்டோ, அது போலீசுக்கு மட்டும். பையில கை வெக்காதீங்க. அப்புறம் 100க்கோ 112க்கோ அடிச்சு, தொந்தரவு பண்றாங்கன்னு சொல்லாம, மனநிலை பாதிச்ச ஒரு பெண், கால்ல புண்ணு, ரெண்டு வாரமா இங்க இருக்காங்க, பெண் காவலரோட வாங்கன்னு சொல்லுங்க, பில்லர் நம்பரையும் சொல்லுங்க, காவல் கரங்கள் டீமுக்கு சொல்லி விடுங்கன்னும் கேளுங்க. வண்டி வர வரைக்கும் அங்கயே இருங்க. எந்த ஆஸ்பத்திரி, எந்த ஸ்டேஷன், எஃப்ஐஆர் நம்பர் என்னன்னு வாங்கி வெச்சுக்கிட்டு ஒரு வாரம் கழிச்சு போய் பாருங்க, வெளிய இருந்து ஒருத்தர் கேக்குறாங்கன்னா அந்த ஃபைல் தூங்காது. முக்கியமா, அவங்க தானா பேசிக்கிறாங்கன்னு எழுதியிருந்தீங்கல்ல, அத காது குடுத்து கேளுங்க. உங்களுக்கு புரியலன்னாலும் பரவால்ல, எந்த வார்த்தை திரும்ப திரும்ப வருதோ அத வாய்ல வர்ற மாதிரியே தமிழ்ல ஒரு பேப்பர்ல எழுதி, வர்ற போலீஸ்காரர் கைல குடுங்க.